சாடிப்பெயர்ச்சி: ஒரு விறாந்தை ஆய்வு

சனிப்பெயர்ச்சிக்குப் பலன் எழுதுவோர் உண்டு. குருப்பெயர்ச்சிக்கும் உண்டு. மாரி முழுவதும் விறாந்தையில் ஒடுங்கிக் கிடந்த பூச்சாடிகள் தை பிறக்கும்போது முற்றத்துக்கு இறங்குகின்றனவே, அந்தப் பெயர்ச்சிக்குப் பலன் எழுத ஒருவரும் முன்வரவில்லை. இத்தனைக்கும் சனி இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறைதான் இடம் மாறுகிறது. சாடியோ ஆண்டுக்கு இரு தடவை மாறுகிறது, அதுவும் நம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. இக்குறையைத் தீர்க்க எழுந்தது இக்கட்டுரை.

1. பொருள் வரையறை

சாடி என்றது என்னை எனின், மேலே வாயும் கீழே துளையும் இடையே மண்ணும் உடைய கலம் யாவும் சாடியே. இவ்விலக்கணத்துள் சீமெந்துச் சாடி, சுட்ட மண்சாடி, பெயின்ற் வாளி, பால்மா ரின், சோறு வடித்து ஓய்ந்த அலுமினியப் பானை ஆகியன அடங்கும். அற்றேல், ஓட்டை விழுந்த கூரையின் கீழ் வைத்த வாளியும் சாடி ஆகாதோ எனின், ஆகாது. அதற்குத் துளை மேலே, வீட்டில் இருக்கிறது.

கிழங்கு என்றது ஈண்டு லில்லியை. நீண்ட தண்டின் உச்சியில் சிவப்பாகக் குழல் விரிக்கும் இதனைத் தாவரவியலார் ஹிப்பியாஸ்ட்ரம் என்பர். கடைக்காரர் அமரில்லிஸ் என்பர். முன்னதன் தாயகம் தென்னமெரிக்கா, பின்னதன் தாயகம் தென்னாபிரிக்கா. எங்கள் ஒழுங்கையில் இரண்டுக்கும் லில்லி என்றே பெயர். இடையில் ஒரு சமுத்திரம் கிடப்பது பற்றி ஒழுங்கையில் எவரும் கவலைப்பட்டதில்லை.

கார்த்திகைப்பூவை ஆய்விலிருந்து விலக்கினோம். அதற்கும் கிழங்கு உண்டு. ஆனால் அது வேலியோரம் தானே முளைத்து, மழைக்குள்ளேயே பூத்து, தானே கிழங்குக்குள் திரும்பிவிடும். யாரையும் தூக்கச் சொல்லாத தாவரம் இவ்வாய்வுக்கு உதவாது. குசினிக் கூரையில் பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிட்ட விதை வெங்காயத்தையும் விலக்கினோம். அது வெளியே போவது காசுக்காக. காசு காரணமாகிவிட்டால் ஆராய என்ன மிஞ்சும்?

2. பொழுது

யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கை ஐப்பசி முதல் மார்கழி வரை வானம் கணக்குத் தீர்ப்பதுபோலக் கொட்டிவிடும். லில்லிக் கிழங்கு கழுத்தளவு மண்ணுக்கு வெளியே தலை நீட்டி இருக்கும் பிராணி. நனைய விரும்பும், ஊற விரும்பாது. தண்ணீர் தேங்கினால் அழுகிப்போம். ஆகவே அது விறாந்தைக்கு வருகிறது, சில கிழமை காய்ந்து உறங்குகிறது. அந்த உறக்கமே அடுத்த பூவுக்கு முதல்.

எப்போது எழுப்புவது என்பதே கேள்வி. இலக்கணநூலார் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றனர். பொருளதிகாரத்தை 1885இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை எங்கள் சிறுப்பிட்டியார். இருந்தும் இவ்வூர் லில்லி பங்குனியிலேயே பூத்துவிடுகிறது. அது அந்தப் பதிப்பை வாசிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

திணை கூறுங்கால் இதனை முல்லையில் அடக்கலாம். நிலம் காடன்று, விறாந்தை மூலை. எனினும் உரிப்பொருள் இருத்தல். மழைக்காலம் முழுவதும் ஒரே இடத்தில் இருந்து, வெளியே அழைத்துப் போவார் வருவாரா என்று பார்த்திருக்கும் வேறொரு தலைவியை யாம் அறியோம்.

3. உரிமை

சாடி யாருடையது? 1706இல் ஒல்லாந்தர் கேட்க, கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையைத் தொகுத்தார். 12 தமிழ் முதலிமார் அதைப் பார்த்துச் சரி என்றனர். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து மூவகைப்படும். எங்கள் வீட்டுத் தாய்க்கிழங்கு மாமியாரின் வளவிலிருந்து வந்தது. ஆகவே சீதனம். சாடி என் தகப்பனார் வாங்கியது. ஆகவே முதுசொம். கலியாணத்துக்குப் பிறகு தாய்க்கிழங்கின் பக்கத்தில் முளைத்த மூன்று குட்டிகளும் தேடியதேட்டம் என்பது என் வாதம். சீதனத்தில் விளைந்தது சீதனமே என்பது மனைவியின் தீர்ப்பு. மேன்முறையீடு இல்லை. தூக்குபவனுக்கு ஏதேனும் பாத்தியதை உண்டோ எனின், எந்த வகையிலும் இல்லை.

4. பிறதேச ஒப்பீடு

ஒல்லாந்தர் துலிப் கிழங்குக்காகப் பித்தேறித் திரிந்து, 1637 மாசியில் சந்தை விழுந்து கையைச் சுட்டுக்கொண்டவர்கள். 21 ஆண்டு கழித்து, 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கந்தோர், லாச்சி, கக்கூசு ஆகிய சொற்களை எமக்குத் தந்தார்கள், துலிப்பைத் தரவில்லை. அவர்கள் நினைத்திருந்தாலும் முடியாது. துலிப் பூக்க 12 முதல் 16 கிழமை வரை நல்ல குளிர் வேண்டும். யாழ்ப்பாணத்தில் அந்தக் குளிர் பிறிட்ஜுக்குள் மட்டுமே உண்டு. அங்கே மீனுக்கும் தோசைமாவுக்கும் முன்னுரிமை.

ரொறன்ரோவில் இருக்கும் சின்னம்மாவின் மகள் துலிப் வைக்கிறாள். இலையுதிர்காலத்தில் சாடியில் நட்டு, குளிர்காலம் முழுவதும் கராஜில் வைத்து, சித்திரை நெருங்க வெளியே எடுக்கிறாள். மண் இளகும் வெப்பநிலை, கடைசி உறைபனி நாள் என்றெல்லாம் எதிர்பார்த்து, "எதைப் பாத்து நாள் குறிக்கிறனி?" என்று தொலைபேசியில் கேட்டேன்.

"என்னத்தைப் பாக்கிறது அண்ணை? இவர் வின்ரர் ரயரைக் கழட்டி வைக்க இடமில்லை எண்டு நிண்டார். தூக்கி வெளியில வைச்சனான்."

இவ்விடையின் ஆழத்தை அப்போது நான் உணரவில்லை.

5. களஆய்வு

எங்கள் ஒழுங்கையில் சாடி வைத்திருக்கும் வீடுகளை ஒரு தை முழுவதும் கவனித்தேன். முதல் வீட்டில் பொங்கலுக்கு முற்றம் மெழுக வேண்டும், நனைந்த விறகை விறாந்தையில் காயவிட வேண்டும், சாடி இறங்கியது. இரண்டாம் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், ஆறு கதிரை போட வேண்டும், சாடி இறங்கியது. மூன்றாம் வீட்டில் வெளிநாட்டிலிருந்து வந்த மகனின் பெட்டிகள், சாடி இறங்கியது. நான்காம் வீட்டில் அடைகாக்கும் கோழி. சாடியும் இறங்கியது, வீட்டுக்காரரின் சாய்மனைக் கதிரையும் இறங்கியது. ஐந்தாம் வீட்டில் யாரும் வரவில்லை. அங்கே சாடி ஆனி மாதச் சோளகக் காற்றிலும் விறாந்தையிலேயே கிடந்தது. இலை இருந்தது, பூ இல்லை.

எங்கள் வீட்டுத் தரவு வருமாறு.

பனி தெளியட்டும், மாசி பிறக்கட்டும் என்று நான் இருந்தேன். அம்மாவும் என் கட்சி: "பனிக்குள்ளை வைக்காதை மோனை, கிழங்குக்குக் கூடாது." மனைவி வந்தார்: "இஞ்சாருங்கோ, விடிஞ்சாப் பொங்கல். உந்தச் சாடியளை எப்ப எடுக்கப்போறியள்? கோலமாவை எங்கை வைக்கிறது?" அம்மா உடனே கட்சி மாறினார். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் பொங்கல் நேரத்தில் மாறுபடலாம். சாடியைத் தூக்க வேண்டியவன் யார் என்பதில் அவை மாறுபட்டதில்லை.

தூக்கியபோது அடியில் கிடைத்தவை: மரவட்டை நான்கு, நத்தை இரண்டு, கார்த்திகையில் காணாமற்போய், ஒரு வேலைக்காரப் பெடியன்மீது பழி சுமத்தப்பட்ட கத்தரிக்கோல் ஒன்று. பெடியனுக்குச் சொல்லி அனுப்பினோம்.

தோட்டக்கலை அறிந்தோர், நிழலில் முளைத்த இலையை மூன்று நாள் மாமரத்தின் கீழும், பிறகு ஒரு கிழமை காலை வெயிலிலும் வைத்து, அதன் பின்பே முழு வெயிலுக்கு விட வேண்டும் என்பர். அது சரியே. இலைக்கும் வெயில் பழக வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தூக்கு என்பதால் நாங்கள் ஒரே மூச்சில் கிணற்றடி வெயிலுக்குக் கொண்டுபோனோம். நான்காம் நாள் இலை வெளிறி ஓரம் கருகியது. கண்ணூறு என்று முடிவாயிற்று. பக்கத்து வீட்டு மாமி அன்று காலை வேலிக்கு மேலால் பார்த்தது சான்றாகக் கொள்ளப்பட்டது.

6. முடிபு

மேற்கண்டவற்றால் பெறப்படும் நூற்பா:

விருந்தும் பண்டமும் இடம்பெற நெருக்கின்
பெயரும் சாடி, பெயரா தொழியின்
கிடக்கும், பருவம் சாட்டே ஆகும்.

இதன் பொருள்: வீட்டில் இடம் போதாமையே சாடி வெளியேறக் காரணம். மழை விட்டது, பனி கரைந்தது என்பவை எல்லாம் பிறகு நாம் சொல்லிக்கொள்ளும் நியாயங்கள். ரொறன்ரோவில் ரயர், இங்கே கோலமா. குளிர் வேறு, மழை வேறு, கிழங்கு வேறு, நெருக்கம் ஒன்றே. கிழங்குக்கோ இந்தக் காரணங்களில் எதுவும் தெரியாது. காய்ந்து உறங்கி வெளிச்சத்துக்கு வந்தால் அது பூக்கிறது. ஐந்தாம் வீட்டாருக்கு யாம் கூறுவது, ஆறு கதிரை வாங்குங்கள் என்பதே.

கருகிய இலைக்குப் பதிலாக எங்கள் லில்லி பங்குனி இரண்டாம் கிழமை இரண்டு தண்டு விட்டு எட்டுப் பூப் பூத்தது. வாசகருக்கு ஒரு சொல்: மண் ஈரமாக இருக்கும்போது சாடியைத் தூக்காதீர்கள், இரண்டு நாள் தண்ணீர் விடாமல் காயவிட்டுத் தூக்குங்கள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடியுங்கள்.