ரோமிங் அண்ணன்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒருவருக்கு விசா வந்துவிட்டால் வீட்டில் முதலில் மாரியம்மனுக்கு ஓர் அர்ச்சனை. அடுத்த நடை ரோமிங் அண்ணனிடம். பெட்டியில் எத்தனை கிலோ ஏற்றலாம், ஊறுகாயை எத்தனை கவர் போட்டுக் கட்டினால் எண்ணெய் கசியாது என்பதற்கெல்லாம் வேறு வல்லுநர்கள் இருக்கிறார்கள். போன் என்றால் அண்ணன்தான்.

அண்ணன் என்பது ஓர் ஆள் அல்ல, ஒரு ரகம். வெள்ளிப் பட்டறை வைத்திருப்பார், வெல்ல மண்டி வைத்திருப்பார், பாத்திரக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். தெருவுக்கு ஒருவராவது உண்டு. இங்கே லீ பஜார் பக்கம் பருப்பு மண்டியில் இருப்பவரை எடுத்துக்கொள்வோம். மற்றவர்களை அவருக்குள் அடைத்துவிடலாம். வேட்டி, அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் தோலுறை போட்ட போன். சாவிக்கொத்தில் சிம் தட்டைத் திறக்கும் குட்டி ஊசி. மூட்டையில் குத்திப் பருப்பை எடுத்துப் பார்க்கும் குத்தூசி மேஜைமேல் கிடக்கும். அண்ணன் கையில் எந்த ஊசி இருக்கிறது என்பதைப் பார்த்தே, எதிரில் நிற்பவர் சரக்கு வாங்க வந்தாரா, சிங்கப்பூர் போகிறாரா என்று பஜார் தெரிந்துகொள்ளும்.

ஆலோசனை எந்த நாட்டுக்கானாலும் ஒரே இடத்தில்தான் தொடங்கும்.

“எந்த ஊரு தம்பி?”

“ஜெர்மனிங்கண்ணா. படிக்கப் போறேன்.”

“நல்லது. டேட்டா ரோமிங்க ஆஃப் பண்ணு.”

“அடுத்த மாசம்தாங்கண்ணா போறேன்.”

“இப்பவே ஆஃப் பண்ணிப் பழகு.”

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு அண்ணனின் பூர்வீகம் தெரியாது. அப்பா காலத்தில் இதே மண்டியிலிருந்து குல்பர்காவுக்குத் துவரை விலை கேட்க டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்று நிமிடம் ஒரு கணக்கு. நலம் விசாரித்தால் ஒரு நிமிடம் போச்சு. அவசரம் என்றால் லைட்னிங் கால், அது பல மடங்கு விலை. பிறகு எஸ்.டி.டி. வந்தது. இரவு பதினொரு மணிக்கு மேல் கால் பங்குக் கட்டணம் என்பதால், பஜார் அடைத்துத் தெரு தூங்கிய பிறகு பூத் வாசலில் வரிசை நிற்கும். பூத்தில் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரைப் பார்த்தபடியே பேசிப் பழகியவர் அண்ணன். இன்றுகூட மகளோடு பேசும்போது கண் எதிர்ச் சுவரில்தான் இருக்கும்.

1995 ஜூலை 31 அன்று அப்போதைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்ததுதான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அந்தக் கைபேசியில் நாம் கூப்பிட்டாலும் காசு, நம்மை யாராவது கூப்பிட்டாலும் காசு. வருகிற அழைப்புக்குக் காசு கொடுப்பது 2003 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் அண்ணன் நிறுவிய மிஸ்டு கால் இலக்கணம் மண்டி வட்டாரத்தில் பிரசித்தம்: ஒரு மணி அடித்து நின்றால் லாரி கிளம்பிவிட்டது, இரண்டு அடித்தால் கிளம்பவில்லை, நிற்காமல் அடித்தால் டிரைவரைக் காணோம்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவை அள்ளிக் கொட்டியபோது ஊரே சினிமா பார்த்தது. அண்ணன் அசரவில்லை. “இது மாதிரிக்குக் காட்டற சரக்கு. வாங்கிப் பழகுன அப்பறம் ரேட்ட ஏத்துவான் பாரு” என்றார். 2019 டிசம்பரில் கட்டணம் ஏறியது, 2024 ஜூலையில் மறுபடி ஏறியது. இரண்டு முறையும் பெரிய தனியார் கம்பெனிகள் எல்லாமே ஏற்றின. இரண்டு முறையும் அண்ணன் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினார். தனக்கும் கட்டணம் ஏறியிருக்கிறதே என்ற வருத்தம் அவருக்கு இல்லை. சொன்னது பலித்ததே, அதற்கு மேல் என்ன வேண்டும்?

இப்படிப்பட்டவர் சங்கத்துக்காரர்களோடு திருச்சியில் விமானம் ஏறிச் சிங்கப்பூர் போனார். கிளம்பும் அவசரத்தில் மகனிடம், “ரோமிங் போட்டு விடுடா” என்றார். மகன் போட்டுவிட்டான். ரோமிங் வேறு, ரோமிங்குக்கான பேக் வேறு என்பது இருவருக்குமே தெரியாது. பேக் இல்லாமல் வெளிநாட்டில் ஓடும் டேட்டாவுக்கு 10 கே.பி.க்கு இவ்வளவு என்று கணக்கு. நம் ஊரில் ஜி.பி. கணக்கில் இறைத்த கைக்கு 10 கே.பி. என்றால் எவ்வளவு என்றே தெரியாது. ரோஜாப்பூவும் முருகனும் சேர்ந்து ‘காலை வணக்கம்’ சொல்லும் ஒரு வாட்ஸாப் படம் 200 கே.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இருபது அலகு. அண்ணன் உறுப்பினராக இருப்பது மண்டி ரேட் குரூப், சங்கக் குரூப், குலதெய்வக் குரூப், பள்ளித் தோழர் குரூப். எல்லாவற்றிலும் பொழுது விடிந்தது. அவர் லிட்டில் இந்தியாவில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சட்டைப்பைக்குள் நூற்றுக்கணக்கான முருகன்கள் முழுக் கட்டணத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். போதாததற்கு முந்தின நாள் எடுத்த படங்களை போன் தானாகவே மேகத்தில் ஏற்றிச் சேமித்துக்கொண்டிருந்தது.

பில் தொகையை அண்ணன் இன்றுவரை ரூபாயில் சொன்னதில்லை. “ரெண்டு குவிண்டால் துவரம்பருப்பு, முதல் ரகம்” என்பதோடு நிறுத்திக்கொள்வார். பணம் போனதுகூடப் பெரிதில்லை. “எடை போட்டதைப் பாக்கல, குத்திப் பாக்கல, பேரம் பேசல, சரக்கு கண்ணுலயே படல. பில்லு மட்டும் வந்துச்சு” என்கிறார். நாற்பது வருட வியாபாரத்தில் இப்படி ஒரு கொள்முதல் அவர் செய்ததில்லை.

அடிபட்டவன் வைத்தியன் ஆவது நம் ஊர் வழக்கம்தானே. அண்ணன் படித்தார், விசாரித்தார், போனுக்குள் இருக்கும் ஒவ்வொரு பட்டனையும் தொட்டுப் பார்த்தார். சும்மா சொல்லக்கூடாது, அவர் சொல்வதில் முக்கால்வாசி சரி. வாட்ஸாப்பில் படம் தானாக இறங்குவதை நிறுத்தச் சொல்வார். போட்டோ சேமிப்பையும் ஆப் புதுப்பிப்பையும் வைஃபையில் மட்டும் நடக்கும்படி வைக்கச் சொல்வார். போகும் ஊரின் வரைபடத்தை இங்கேயே இறக்கிக்கொள்ளச் சொல்வார். இந்திய சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகாதே, பேங்க் ஓ.டி.பி. அதில்தான் வரும் என்பார். போய் இறங்கி, கோபுரச் சின்னம் முழுசாகத் தெரிந்தும் நெட் வரவில்லை என்றால், ஏ.பி.என். என்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே கம்பெனி கொடுத்த பெயரைத் தட்டச்சு செய் என்பார். விமான நிலையத்தில் தவித்து நின்ற எத்தனையோ பேரை இந்த ஏ.பி.என். காப்பாற்றியிருக்கிறது.

மீதிக் கால்வாசியில்தான் அண்ணன் விசுவரூபம் எடுப்பார்.

ராமேஸ்வரம் போகிறவர்களுக்கும் அவர் ரோமிங் பாடம் எடுப்பது அப்படித்தான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் முப்பது கிலோமீட்டர்தான். அரிச்சல்முனையில் நிற்கிறவர் போனில் இலங்கைக் கோபுரம் வந்து ஒட்டிக்கொள்வது உண்மைதான். ஆனால் ரோமிங் வசதியே கேட்டு வாங்காத, பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டியை ஓரமாக அழைத்து, “தர்ப்பணம் முடியற வரைக்கும் போன ஆஃப் பண்ணிடுங்கம்மா, அந்தப் பக்கத்துக்காரன் இழுத்துருவான்” என்று எச்சரிப்பதை என்ன சொல்ல? பாட்டி பயந்துபோய் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். அக்னி தீர்த்தத்தில் கூட்டத்தில் தொலைந்து, கோயில் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கண்டுபிடித்தார்கள்.

சிங்கப்பூருக்கு மட்டும் பேக் போட்டுக்கொண்டு உட்லண்ட்ஸ் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறவர்களுக்கு அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஒரு கிலோமீட்டர் தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஜோகூர், அதாவது மலேசியா. போன் நாடு மாறி உட்கார்ந்துவிடும். “எந்தக் கம்பெனிய புடிக்கணும்னு நீயே கைல தேர்ந்தெடுத்து வை. தானா தேட விட்டா அது தறுதலையா சுத்தும்” என்பார்.

துபாய்க்கு வேலைக்குப் போகிறவனிடம், அங்கே வாட்ஸாப்பில் எழுதலாம், பேச முடியாது, அதற்கு அவர்கள் அனுமதித்த ஆப்தான் என்று முன்கூட்டியே சொல்லி அம்மாவின் அழுகையைத் தவிர்ப்பார். சீன விஷயத்தில் மட்டும் ஒரு முறை சறுக்கினார். கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் மெஷின் பார்க்கச் சீனா போனபோது, உள்ளூர் சிம்தான் மலிவு என்று சொல்லி அனுப்பினார். அங்கே உள்ளூர் சிம்மில் வாட்ஸாப்பும் இல்லை, கூகுளும் இல்லை. உடன் போனவர் இந்திய சிம்மில் ரோமிங் பேக் போட்டு, ஜம்மென்று வீட்டுக்கு வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தார். ரோமிங்கில் நம் டேட்டா முதலில் நம் நாட்டுக் கம்பெனிக்கு வந்துவிட்டுத்தான் உலகத்துக்குப் போகிறது. குவாங்சோவில் நின்று அடுத்த தெரு ஹோட்டலைத் தேடினாலும் கேள்வி இந்தியா வந்து போகும். விஷயம் தெரிந்ததும் அண்ணன் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, “அப்ப சரக்கு நம்ம குடோனுக்கு வந்துட்டுத்தான் டெலிவரி ஆகுதா? அதான் லேட்டாவும் ஆகுது, ரேட்டும் கூட” என்றார். இதைவிடச் சுருக்கமாக ஒரு பொறியாளரும் எனக்கு விளக்கியதில்லை.

அண்ணனை நிலைகுலைய வைத்தது இ-சிம். கடை இல்லை, ஆள் இல்லை, அட்டை இல்லை. செயலியில் பணம் கட்டினால் ஒரு கியூ.ஆர். கட்டம் வருகிறது. “இதை யார்கிட்ட கொறைச்சுக் கேக்கறது?” என்பதுதான் முதல் கேள்வி. சாவிக்கொத்தில் தொங்கும் ஊசிக்கு இனி வேலை இல்லை என்பது இரண்டாவது, அவர் வாய்விட்டுச் சொல்லாத வருத்தம். ஐரோப்பா போன மருமகனுக்காக அந்தக் கட்டத்தை முதல் அக்ரஹாரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தார். அதில் தப்பில்லை, கட்டம் வந்திருக்கும் போனாலேயே அந்தக் கட்டத்தைப் படம் பிடிப்பது சிரமம், வேறு திரையோ தாளோ இருந்தால் சுலபம். ஆனால் அண்ணன் அதோடு விடாமல் லேமினேஷனும் போட்டார். பெரும்பாலான இ-சிம் கட்டங்கள் ஒரு முறைதான் வேலை செய்யும், போனில் ஏறியதும் காலாவதி. அதைச் சொன்னபோது, “இருக்கட்டும், அடுத்த தடவ ஆகும்” என்று பீரோவில், பத்திரங்களுக்கு நடுவில் வைத்தார்.

இ-சிம்மிலும் அவருக்கு ஒரு பட்டன் அகப்பட்டது. டேட்டாவை இ-சிம்முக்கு மாற்றிவிட்டாலும், அதில் சிக்னல் குறைந்தால் போன் தானாக மற்ற சிம்முக்குத் தாவ அனுமதிக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அதை அணைக்காமல், இந்திய சிம்மின் ரோமிங்கையும் திறந்துவைத்திருந்தால், டேட்டா சத்தமில்லாமல் இந்தியக் கணக்கில் ஓடத் தொடங்கும். இதைக் கண்டுபிடித்த அன்று அண்ணன் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. ஆஃப் பண்ண இன்னும் ஒன்று இருக்கிறதே!

அவர் சீடர்களிடம்தான் எனக்குக் குறை. ஒரு பையன் கோலாலம்பூரில் இறங்கி, அண்ணன் சொன்னபடி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வைஃபைக்காகக் காபிக்கடை காபிக்கடையாக ஏறி இறங்கினான். பாஸ்வேர்டு வேண்டுமென்றால் காபி வாங்க வேண்டும். அவன் குடித்த காபிக்கு ஒரு வாரத்து டேட்டா வாங்கியிருக்கலாம், ராத்திரி தூக்கமும் வந்திருக்கும். அண்ணனிடம் சொன்னேன். “காபி வயித்துக்குப் போச்சுங்க. டேட்டா எங்க போகுது?” என்றார்.

போன ஆண்டு அண்ணி மெல்போர்னுக்குப் போனார், மகள் பிரசவத்துக்கு. அண்ணன் ஒரு வாரம் பாடம் எடுத்தார். இரண்டு பக்கம் கையால் எழுதி, பாஸ்போர்ட் கவரில் மடித்து வைத்தார். விமானத்திலேயே ஒரு நெட்வொர்க் இருக்கிறது, அதைத் தொட்டால் தனி பில் என்பதற்கு மட்டும் மூன்று அடிக்கோடு. அண்ணி எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றார். போய்ச் சேர்ந்த மறுநாள், மண்டியில் வியாபாரம் சூடாக இருந்த நேரத்தில் வீடியோ கால் வந்தது. குழந்தையின் தொட்டிலைக் காட்டினார், ஜன்னலைக் காட்டினார், தெருவைக் காட்டினார், சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டத் தொடங்கினார். அண்ணனின் பார்வை எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது.

“ஏம்மா, இது எந்தக் கணக்குல ஓடுது?”

“மாப்பிள்ளை வீட்டு நெட்டுங்க. மாசத்துக்கு ஒரே காசாம். எவ்வளவு வேணா ஓட்டலாமாம், அளவே இல்லையாம்.”

அண்ணன் குத்தூசியைக் கீழே வைத்தார். கணக்குப்பிள்ளையைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

“அளவே இல்லாத சரக்குக்கு எப்பிடிம்மா ரேட் போடறாங்க? அந்தத் தம்பிகிட்ட கொஞ்சம் போனக் குடு.”