சாரணர் பேட்ஜும் தையற்சிக்கலும்

அமெரிக்கச் சாரணர் இயக்கம் 2025இல் இரண்டு புதிய திறன் பேட்ஜுகளை அறிவித்தது. ஒன்று செயற்கை நுண்ணறிவுக்கு, மற்றொன்று இணையப் பாதுகாப்புக்கு. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் இயக்கம் தன் பழைய பெயரைக் களைந்து ‘ஸ்கவுட்டிங் அமெரிக்கா’ ஆகியிருந்தது. புதிய பேட்ஜ் வரும்போதெல்லாம், காட்டில் கூடாரம் அடிக்க வேண்டிய பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு தரப்பும், காலத்தோடு ஒத்துப்போக வேண்டாமா என்று மறு தரப்பும் மோதிக்கொள்வது வழக்கம். இவ்வாய்வு அந்த வம்புக்குப் போகாது. ஆய்வுலகம் இதுவரை ஏறெடுத்தும் பாராத வினா வேறொன்று உண்டு. இந்தப் பேட்ஜைச் சட்டையில் தைப்பது யார்?

வினாவின் கனத்தை உணர முதலில் அளவை வேண்டும். இன்றைய திறன் பேட்ஜ் ஏறத்தாழ ஒன்றரை அங்குல விட்டமுள்ள வட்டம், சுற்றளவு 4.7 அங்குலம். 1911இல் இயக்கத்திடம் 57 பேட்ஜுகள் இருந்தன. அன்றைய பேட்ஜையும் இன்றைய வட்டமாகவே கொண்டால், மொத்தத் தையல் 22 அடி. இன்று பேட்ஜுகள் 135க்கும் மேல். தையல் 53 அடியைத் தாண்டுகிறது. உச்ச விருதான ‘ஈகிள் ஸ்கவுட்’ பெற 21 பேட்ஜ் போதும் என்றாலும், அதற்கே எட்டேகால் அடி ஊசி ஓட வேண்டும். தேனீ வளர்ப்பை 1995இல் நீக்கியது போல அவ்வப்போது கழித்தலும் நடக்கிறது, ஆனால் கூட்டலே ஓங்கி நிற்கிறது. நீளக் கைச் சட்டையின் கையில் ஆறு பேட்ஜ் வரைதான் இடம். அதற்கு மேல் போனால் தோளில் குறுக்காக அணியும் பட்டையில் தைத்தாக வேண்டும். இவ்வளவு நுணுக்கமாக இடம் வகுத்த விதிகள், ஊசி பிடிக்கும் கை யாருடையது என்ற இடத்தில் மட்டும் மௌனம் காக்கின்றன.

ஆகவே நம் கருதுகோள் இது: சட்டையில் ஏறிய ஒவ்வொரு பேட்ஜும் இரண்டு திறன்களுக்குச் சான்று. ஒன்றின் சின்னம் பேட்ஜில் இருக்கிறது. மற்றொன்று அதன் விளிம்பில் இருக்கிறது, பெரும்பாலும் வேறொருவருக்கு உரியது. இயக்கம் சோதனைக்கு அஞ்சியதில்லை. 1911இன் ‘கண்டுபிடிப்பு’ பேட்ஜுக்குப் பயனுள்ள பொருளொன்றைப் படைத்து அதற்குக் காப்புரிமையும் வாங்க வேண்டியிருந்தது. பெற்றவர் மிகச் சிலரே என்பதில் வியப்பில்லை. விமானவியல், குழாய் வேலை, கைரேகை, அணு அறிவியல், வெல்டிங் என எல்லாவற்றுக்கும் வட்டம் தந்தவர்கள், அந்த வட்டங்களைத் துணியில் நிறுத்தும் தொழிலுக்கு ஒரு வட்டம் தரவில்லை.

துணிகளுக்கென ஒரு பேட்ஜ் இருக்கிறதே என்பாரும் உளர். அது இழை, நெசவு, சாயம் பற்றியது. நெசவு தெரிந்தவருக்குப் பொத்தான் தைக்கத் தெரியும் என்பதற்கு ஆதாரமில்லை. குடும்ப வாழ்வு பேட்ஜுக்காக 90 நாள் வீட்டு வேலை செய்யும்போது தையலும் அடங்காதா என்று கேட்கலாம். அடங்கலாம், ஆனால் எந்த வேலைகள் என்ற பட்டியலில் பிள்ளைக்கும் கை உண்டு, குப்பை கொட்டுவது ஊசியில் நூல் கோப்பதைவிட எளிது. பசை இருக்கையில் ஊசி எதற்கு என்பதே வலுவான மறுப்பு. பேட்ஜ் ஒட்டுவதற்கென்றே பசைத்தாள் கடையில் கிடைக்கிறது. எனினும் தைத்ததைப் பிரித்தால் துணி பிழைக்கும், ஒட்டியதை உரித்தால் கறை மிஞ்சும். பதவி உயரும்தோறும் பழைய தகுதிச் சின்னத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டிய சீருடைக்கு இது சிறு குறையன்று.

கருதுகோளுக்கு இயக்கமே சாட்சி சொல்கிறது. ஈகிள் விருது விழாவில் தாய்க்கென்று ஒரு சிறு ஊசிப்பதக்கம் வழங்கும் மரபு உண்டு. தைக்கத் தெரிந்தவருக்குத் தைக்கத் தேவையில்லாத பதக்கம்! தந்தைக்கும் தருகிறார்களே என்றால், தைத்தவர் அவராகவும் இருக்கலாம். நம் ஆய்வு கையைத்தான் தேடுகிறது, உறவுமுறையை அல்ல.

எனவே ‘தையல்’ என்ற பெயரில் ஒரு புதிய பேட்ஜை முன்மொழிகிறோம். செயற்கை நுண்ணறிவு பேட்ஜுக்கான விடைகளைச் செயற்கை நுண்ணறிவே எழுதிக் கொடுத்துவிடும் என்று கவலைப்படும் பெரியவர்களுக்கு இது ஆறுதலும் ஆகும். பேட்ஜைக் கையில் கொடுத்து, தேர்வாளர் எதிரில் பிள்ளையே தன் பட்டையில் தைக்க வேண்டும்; தைத்து முடித்ததும் தேர்வும் முடிந்தது. பட்டையைத் திருப்பிப் பார்த்து, முடிச்சு பின்பக்கம்தான் விழுந்திருக்கிறதா, நூல் வட்டத்தின் விளிம்போடு போயிருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்தால் போதும். முதல் சலவையில் உதிர்ந்துவிட்டால் விருது தானாகவே ரத்து. அதை விசாரிக்கத் தனிக் குழு போடும் செலவும் மிச்சம்.