க, த, ச

தங்கை கல்யாணப் பத்திரிகையின் கடைசி வரிவரை எங்கள் வீட்டில் சண்டையே இல்லை. அந்த வரியில் 'நாதஸ்வரக் கச்சேரி' என்று எழுதினேன். உறையூர்ப் பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் அரை மணி நேரம் நிச்சயம்.

"நாகஸ்வரம்டா! தீக்ஷிதரே 'தியாகராஜ மஹாத்வஜாரோஹ' கீர்த்தனையில அப்படித்தான் போட்டிருக்கார். நாதம்னாலும் சப்தம், ஸ்வரம்னாலும் சப்தம். 'கேட்டுக் கதவு' மாதிரி என்ன பேர் இது?"

ஸ்ரீரங்கத்து மாமா விடுவாரா? ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி இதற்கென்றே வந்தவர்.

"சுபகாரியத்துல பாம்பை விடலாமோ? ஷேக் சின்ன மௌலானா எங்க ஊர்ல 1982-ல ஆரம்பிச்சது சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமம். ஆந்திராவிலேர்ந்து வந்து ஸ்ரீரங்கத்தையே சொந்த ஊராக்கிண்டு, 1998-ல சங்கீத கலாநிதி வாங்கினவர். அவருக்குத் தெரியாததா?"

"ஆதிசேஷன்மேல படுத்திண்டிருக்கிற பெருமாளோட ஊர்க்காரர், நாகம்னா இப்படிக் கூசறேளே!"

மாமா அதற்குப் பிறகு காபியைத் தொடவில்லை.

என்னைக் கேட்டால் பெரியப்பா பக்கம்தான் நியாயம். பழைய பேர் நாகம்தான்; நாதம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் ஏன் நாகம் என்று கேட்டுவிடக் கூடாது. பாம்பு மாதிரி நீளம் என்பார் ஒருவர், நாகர்கள் வாசித்தது என்பார் இன்னொருவர். பெரியப்பா இரண்டையும் சொல்வார், எதிரில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து.

அட்வான்ஸ் வாங்க வந்த வித்வான் இடையில் வாயைக் கொடுத்தார். "நாங்க நாயனம்னுதாங்க சொல்றது. நரசிங்கம்பேட்டையில ஆச்சா மரத்துல கடைஞ்சு குடுக்கிற ஆசாரியும் நாயனம்னுதான்..."

"நீங்க சும்மா இருங்கோ!" என்றார்கள் இருவரும். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

அச்சகத்துக்குத் திருத்தம் மூன்று முறை போனது. க, த, மறுபடி க. நாலாவது புரூஃப் பார்க்க யாருக்கும் தெம்பில்லை. மொய்க்கணக்கு ராசிப்படி 501 பத்திரிகை அச்சாகி வந்தது. அத்தனையிலும் 'நாசஸ்வரக் கச்சேரி'.

அம்மா அழுதாள். பெரியப்பா பேனாவை எடுத்து 250 பத்திரிகையில் ச-வைக் க ஆக்கினார். மாமா 250 பத்திரிகையில் த ஆக்கினார்.

மிச்சம் ஒன்று என் பீரோவில் இருக்கிறது.