அப்பத்தா நடத்தும் காப்பகம்

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. பிள்ளைக்கு மூணு வயசு முடியல, அதுக்குள்ள டவுனு நர்சரியில சேத்துட்டியாமே! ஏழரைக்கு வேன் வருதாம். ஷூ என்ன, டை என்ன! அந்த டையிலதான் மூக்கச் சிந்துது பிள்ளை, அதுக்காவது ஒதவுதே. ஃபீஸு கட்ட உன் பொண்டாட்டி கம்மல அடகு வச்சியாம்ல? நல்ல காரியம். பிள்ளை ‘ஏ ஃபார் ஆப்பிள்’ படிக்கும், நீ வட்டிக்கணக்குப் படி.

நம்ம ஊரு பால்வாடி உனக்குக் கேவலமாப் போச்சு. அங்க டை கிடையாதுதான். வாரத்துக்கு மூணு முட்டை மட்டும் குடுக்காக. 1982 ஜூலை ஒண்ணாந் தேதி திருச்சிப் பக்கம் பாப்பாகுறிச்சியில எம்ஜிஆரு தொடங்கி வச்ச சத்துணவு, நம்ம ஊருக்கும் வந்துச்சு. நீயே அந்தச் சோத்தத் தின்னு வளந்த பயதானடா. தட்ட வழிச்சு நக்கினதுக்கு நான் சாட்சி.

பால்வாடியில குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். களையெடுக்கப் போறவ விடியவும் கிளம்பிர்றா. பால்வாடி திறக்க வெயிலேறிருது. அதுவரைக்கும் களைய வளராம நிக்கச் சொல்லவா முடியும்? ரெண்டு வயசு ஆகலன்னா சத்துமாவுப் பொட்டலத்தக் கையில குடுத்து அனுப்பிருவாக. மாவு வீட்டுக்கு வந்துரும்; பிள்ளையப் பாக்க ஆளு? இந்தக் கிழவி இடுப்புதான்! முட்டி தேஞ்சவ நடத்துற இலவசக் காப்பகம். டீச்சரம்மாவையும் குத்தஞ்சொல்ல முடியல. பிள்ளைய நிறுக்கணும், நிறுத்தத போன்ல ஏத்தணும், ஓட்டர் லிஸ்டுக்கு வீடு வீடா அலையணும். மிச்சம் மீதி நேரத்துல பாட்டும் சொல்லித் தரணும்.

நூறு நாள் வேலைக்கு 2005ல சட்டம் போட்டாகள்ல? வேலையிடத்துக்குச் சின்னப்பிள்ளைக அஞ்சு பேரு வந்துட்டா, பாத்துக்க ஒரு பொம்பளைய விடணும், அவளுக்கும் கூலி உண்டுன்னு அதுலயே எழுதி வச்சாக. நம்ம கம்மாயில வேப்பமரத்துல தூளியக் கட்டிட்டு மம்பட்டி பிடிச்சவளுகளத்தான் பாத்தேன். விவரந் தெரிஞ்சிருந்தா மரத்தடியில குத்தவச்சே நான் கூலி வாங்கிருப்பேன். படிச்ச பய நீயாச்சும் சொன்னியா?

அக்டோபர் ரெண்டு கிராமசபை வருது. 1975ல இந்தப் பால்வாடித் திட்டத்தையும் அதே தேதியிலதான் ஆரம்பிச்சாகளாம். போயி, வெள்ளன திறக்கணும், கூட ஒரு ஆயா வேணும், கைப்பிள்ளைக்கும் எடம் வேணும்னு கேளு. வழக்கம்போல நோட்டுல கையெழுத்தப் போட்டு, டீயக் குடிச்சிட்டு வந்துராத.

வாய் வரலயா? பரவாயில்ல. அடுத்த மாசத்துல இருந்து நானும் ஃபீஸு வாங்கப் போறேன். அட்வான்ஸா ஒரு கவுளி வெத்தலையும் கொட்டைப்பாக்கும் கொண்டாந்துரு. ரசீதெல்லாம் தர மாட்டேன்.