ரெண்டுக்கும் ஆகும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திருவான்மியூர் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்றால் சைக்கிள்காரர்களில் பல ரகம் பார்க்கலாம். கடலைப் பார்க்காமல் ஹேண்டில்பாரில் ஒட்டிய சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு போகிறவர் ஒரு ரகம். கோவளத்துத் தோசைக்காகவே மிதிக்கிறவர் இன்னொரு ரகம். நான் சொல்ல வந்தவரை அங்கே ரொம்ப நாள் பார்க்க முடியவில்லை. அவர் அப்போது சைக்கிளே வாங்கியிருக்கவில்லை.

வயது நாற்பத்தைந்துக்குப் பக்கம். ஓ.எம்.ஆரில் உத்தியோகம். போன லேப் ரிப்போர்ட்டில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. டாக்டர் "கொஞ்சம் நடங்க" என்றார். இவர் காதில் அது சைக்கிள் என்று விழுந்தது. அதுவும் சும்மா சைக்கிள் இல்லை. ஞாயிறு காலையில் வேகக் குழுவோடு மாமல்லபுரம் போய்த் திரும்ப வேண்டும், பின்தங்கக் கூடாது. அதே சைக்கிள் ஒருநாள் இரண்டு பக்கமும் மூட்டை கட்டிக்கொண்டு கன்னியாகுமரிக்கும் போக வேண்டும். "ரெண்டுக்கும் ஆகணும் சார்" என்பார். அவர் வீட்டு சோபா ராத்திரியில் கட்டிலாக மாறும். உட்கார்ந்தாலும் முதுகு வலிக்கும், படுத்தாலும் வலிக்கும். ஆனால் ஒரு சாமான் விலைதானே!

விஷய ஞானத்தில் இவரை அசைக்க முடியாது. பெடல் சுற்றும் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். பந்தய சைக்கிளில் 410 மில்லிமீட்டர் சொச்சம். அதில் கேரியர் வைத்துப் பக்கப் பை மாட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையை ஓர் உதை உதைக்கும். டூரிங் சைக்கிளில் அதுவே 450 வரை போகும். கால் தாராளமாகச் சுற்றும், ஆனால் வேகக் குழு முட்டுக்காடு பாலத்தைத் தாண்டும்போது நீங்கள் உத்தண்டியில் இருப்பீர்கள். இந்தக் கவலையில் ஒருநாள், மனைவியின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்து, காற்றில் பெடல் மிதித்தபடி, கால்விரல் எலும்பிலிருந்து குதிகால் வரை அளந்துகொண்டிருந்தார். "செருப்பு வாங்கப் போறீங்களா?" என்று அந்த அம்மாள் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்.

டயர் விஷயம் ஒரு மழைக்காலம் முழுக்க ஓடியது. 25 மில்லிமீட்டர் என்றால் வேகம், 32 என்றால் சுகம். 28 என்று முடிவாகி வீட்டில் பாயசம் வைக்காத குறை. அடுத்த வாரம் 30 என்று ஒன்று இருப்பது தெரிந்துவிட்டது.

கியருக்கு வருவோம். முன்னால் 34 பல், பின்னாலும் 34 பல் இருந்தால் பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று, இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் நகரலாம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவையும் சீட்டை விட்டு எழாமல் ஏற அது போதும் என்கிறார்கள் நண்பர்கள். "கொல்லிமலையில 70 இருக்கே?" என்கிறார் இவர். அவர் கைப்பட வரைந்து வைத்திருக்கும் பாதையோ புதுச்சேரி, நாகப்பட்டினம், இராமநாதபுரம், தூத்துக்குடி என்று கடலோரமாகவே போகிறது. அதில் வரும் மலைகள் எல்லாம் நெடுஞ்சாலைத் துறை கட்டிய மேம்பாலங்கள்.

பிறகு உலோகம். கார்பன் லேசு, ஆனால் கேரியரை அதன் குழாயில் பட்டை போட்டு இறுக்கினால் நொறுங்கும். இரும்பு கனம், ஆனால் "ஒடிஞ்சா எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலயும் ஒட்டிக்கலாம்." விளாத்திகுளம் பக்கம் சட்டம் ஒடிவதாகவும், பட்டறைக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருப்பதாகவும் அவர் கற்பனை ஓடும். டயர் கிழிந்தால்? ஊர்க் கடையில் தொங்கும் 28 அங்குல டயரின் உள்விட்டம் 635, இவர் சக்கரம் 622. பெயரில் அண்ணன் தம்பி, மாட்டினால் சேராது. இந்தப் பதின்மூன்று மில்லிமீட்டர் அவர் தூக்கத்தைக் கெடுத்த இரவுகள் உண்டு.

தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884-இல் புறப்பட்டு, முன்சக்கரம் நெஞ்சுயரத்துக்கு நிற்கும் அந்தக் காலத்துச் சைக்கிளில் உலகத்தைச் சுற்றினார். கியர் கிடையாது. மூட்டை என்று பார்த்தால் காலுறை, மாற்றுச் சட்டை, கூடாரமாகவும் ஆகும் ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. நம் நாட்டு கிராண்ட் டிரங்க் ரோட்டிலும் மிதித்துக் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். இதைச் சொன்னபோது இவர் பொறாமையோடு பெருமூச்சு விட்டார்: "அவருக்கு சாய்ஸ் இல்ல சார். குடுத்து வெச்சவர்."

உண்மையில் ரெண்டுக்கும் ஆகுமா என்ற கேள்விக்குப் பிரெஞ்சுக்காரர்கள் எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். 1891-இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டம் இன்று 1200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம். அதற்கென்றே வேகமும் வேண்டும், மட்கார்டும் பையும் விளக்கும் வேண்டும் என்று செய்த சைக்கிள் ஒரு தனி வம்சம். சென்னையில் பிஆர்எம் என்கிற நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணிக்குள் முடிக்கிறவர்களும் அந்தச் சாயலில்தான் ஏதோ ஒன்றை வைத்திருக்கிறார்கள். கடைக்காரரும் அதையே காட்டினார்: 32 டயர் நுழையும் இடம், டிஸ்க் பிரேக், பின்னால் கேரியர் மாட்டத் திருகாணித் துளை. "ரெண்டுக்கும் ஆகும் சார், எடுத்துக்கங்க." இவர் முகம் வாடிவிட்டது. கல்யாணத்துக்கு அலைந்து அலைந்து பெண் பார்க்கிற சுகத்தில் இருந்தவரிடம் நாளைக்கே முகூர்த்தம் என்றால் வாடாதா?

இதற்கிடையில் மனைவி எழும்பூரில் ரயில் ஏற்றி அவரைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பினார். எல்லோரும் விவேகானந்தர் பாறையைப் பார்க்க, இவர் குனிந்து சாலையின் ஜல்லியைப் பார்த்தார். "32 போதும்" என்றார் வெகுநேரம் கழித்து.

ஒருவழியாக வாங்கியும் விட்டார். கேரியர் பெட்டி பிரிக்காமல் பரணில் இருக்கிறது. சைக்கிள் கோவளம் வரை போகிறது, தோசை சாப்பிடுகிறது, வருகிறது. ஆனால் வட்டாரத்தில் இவர் பெரிய ஆலோசகர். போன வாரம் கீழ் ஃபிளாட் பையன், பந்தயமும் டூரும் ஒரே சைக்கிளில் முடியுமா என்று கேட்டு வந்தான்.

"ஒண்ணு ரெண்டு வேலைக்கு ஆகாது தம்பி. நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். பேசாம ரெண்டு சைக்கிளா வாங்கிடு."

"எந்த ரெண்டுண்ணா?"

அண்ணன் முகத்தில் நெடுநாள் காணாத ஒரு களை. லேப்டாப்பைத் திறந்தார். உள்ளே பார்த்து இரண்டு காபி என்றார்.

"உக்காரு. முதல்ல உன் குதிகால் அளவு சொல்லு."