மச்சானுக்கு எந்த ஊர் பிடிக்கும்?

? துபாயில் இருக்கும்போது 'எப்போ ஊருக்கு வருவோம்' என்று போனில் புலம்புகிறார் என் மச்சான். வந்த பத்தே நாளில் 'அங்கே எல்லாம் எவ்வளவு ஒழுங்கு தெரியுமா!' என்கிறார். அவருக்கு எந்த ஊர்தான் பிடிக்கும்?
(வாசகர், கீழக்கரை)

! விமானம் பிடிக்கும்! அந்த நாலு மணி நேரம்தான் இரண்டு ஊரும் அவரைக் கைவிடாது.

அவர் சொல்வது இரண்டுமே உண்மை. தங்கை கல்யாணமும் வீட்டுக் கடனும் துபாய்ச் சம்பளத்தில்தான் முடிந்தன. ஆனால் முப்பது வருடம் உழைத்தாலும் சாதாரணத் தொழிலாளிக்கு அமீரகக் குடியுரிமை கிடைப்பதில்லை. விசா முடிந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான். சொந்த நாட்டிலோ, 2010 சட்டத் திருத்தம் அவருக்கு வாக்குரிமை தந்தது. ஓட்டுப் போட மட்டும் லீவு எடுத்து, டிக்கெட் போட்டு, நம்மூர்ச் சாவடிக்கு நேரில் வர வேண்டும். எத்தனை பேரால் முடியும்? தபால் ஓட்டாவது தரக் கூடாதா?

உங்களால் முடிந்தது ஒன்று உண்டு. மார்க்கரில் பெயர் எழுதிக் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியைப் பிரிப்பதற்குள், 'எப்போ மறுபடி பயணம், மச்சான்?' என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி ரொம்ப வலிக்கும்.