கெல்வினுக்கு மாத்துனியாடா?

வீடு திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்தில். நடுவில் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம். இந்தத் தடத்துப் பாசஞ்சர் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் விடைத்தாள் கட்டோடு தனக்குத்தானே தலையில் அடித்துக்கொள்கிறவர் யாராவது தென்பட்டால், அவர் கெமிஸ்ட்ரி வாத்தியார். அம்மா அப்பா வைத்த பெயர் எதுவாக இருந்தாலும் சரி, பிள்ளைகள் வைத்த பெயர் 'மோல் சார்'.

கரிம வேதியியல்மேல் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. "அது மனப்பாடம்டா" என்று கைகழுவிவிடுவார். பிளஸ் ஒன் புத்தகத்தில் முதல் பாடமான மோல் கணக்கும் ஆறாவது பாடமான வாயு நிலைமையும்தான் அவருடைய ராஜ்யம். மளிகைக் கடையில் ஒரு கிலோ சர்க்கரை வாங்கினால், 1000-ஐ 342-ஆல் வகுத்து, "மூணு மோலுக்குக் கொஞ்சம் கம்மி" என்று முணுமுணுப்பார். கடைக்காரர் எடை குறைகிறது என்கிறாரோ என்று பதறிப்போய் இன்னும் ஒரு கை அள்ளிப் போடுவார். சார் மறுப்பதில்லை.

காலை டியூஷன் நடக்கும்போது கேஸ் சிலிண்டர் வந்துவிட்டால் அன்றைய பாடம் அதுதான். 14.2 கிலோ. முழுக்க பியூட்டேன் என்று வைத்துக்கொண்டால் சுமார் 245 மோல். எரித்தால் 43 கிலோ கார்பன் டை ஆக்சைடு, 22 கிலோ தண்ணீர்.

"14 கிலோ எரிச்சா 65 கிலோ எப்படி சார் வரும்?"

"மீதி 51 கிலோ காத்துல இருந்து வந்த ஆக்சிஜன்டா. அதுக்கும் பில்லு போடலியேன்னு சந்தோஷப்படு."

எந்த வினைபொருள் முதலில் தீர்கிறதோ அதுதான் விளைபொருளின் அளவைத் தீர்மானிக்கும் என்பதை விளக்க, அவர் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு ஓட்டலுக்குப் போவார். பொங்கல் 40 பிளேட், வடை 25. எத்தனை பேருக்குப் பொங்கல் வடை கொடுக்கலாம்? 65 என்று எழுதிய பையன் அந்த வருஷம் முழுக்க 'வடை' என்றே அழைக்கப்படுவான்.

அவருக்கு ரத்தம் கொதிப்பது ஒரே ஒரு இடத்தில். 27 டிகிரி செல்சியஸில் 30 பி.எஸ்.ஐ. காற்றடித்த கார் டயர், ஓடி ஓடி 57 டிகிரி ஆகிறது, அழுத்தம் எவ்வளவு? 30-ஐ 57-ஆல் பெருக்கி 27-ஆல் வகுத்து 63 என்று கொண்டுவந்து நீட்டுவான் ஒருவன். சார் நோட்டை மூடுவார். "உன் கணக்குப்படி போனா வண்டி விக்கிரவாண்டி டோல்கேட்டக்கூடத் தாண்டாதுடா. கெல்வினுக்கு மாத்துனியா?" மாற்றினால் 300, 330. அத்தோடு விடமாட்டார். அளவுகருவி காட்டுவது வளிமண்டலத்துக்கு மேலே உள்ள அழுத்தத்தை மட்டும்தான், 14.7-ஐக் கூட்டி, 1.1-ஆல் பெருக்கி, மறுபடி கழித்தால் சுமார் 34.5. டயருக்கு ஒன்றும் ஆகாது.

கோச்சிங் சென்டரில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களோடு அவருக்குத் தீராத வழக்கு ஒன்றும் உண்டு. ஒரு மோல் வாயுவின் பருமன் 22.4 லிட்டர் என்பது சாரின் வேதம். திட்ட அழுத்தத்தை 1 அட்மாஸ்பியரிலிருந்து 1 பாருக்கு மாற்றும்படி ஐ.யு.பி.ஏ.சி. 1982-லேயே சொல்லிவிட்டது, ஆகவே 22.7 என்பார்கள் அவர்கள். வரையறைப்படி பார்த்தால் இளைஞர்கள் பக்கம்தான் நியாயம். ஆனால் அழுத்தம் எவ்வளவு என்று கேள்வியிலேயே எழுதித் தொலையுங்களேன் என்கிற சாரின் வாதத்துக்கும் பதில் இல்லை.

இத்தனை கண்டிப்பானவர் சார்லஸ் விதி வந்தால் மட்டும் கதைசொல்லி ஆகிவிடுவார். 1783 ஆகஸ்டில் சார்லஸ் பாரிசிலிருந்து ஆளில்லாத ஹைட்ரஜன் பலூன் ஒன்றைப் பறக்கவிட்டார். அது கோனெஸ் என்ற கிராமத்தில் இறங்கியது. ஏதோ பூதம் என்று மிரண்ட ஊர்க்காரர்கள் கவைக்கோலால் அதைக் குத்திக் கிழித்தார்கள். இந்த இடத்தில் சார் தானே சிரித்துவிட்டு, இரும்பையும் கந்தக அமிலத்தையும் வைத்து அந்த ஹைட்ரஜனைத் தயாரித்தார்கள் என்பார். எத்தனை கிலோ இரும்பு தேவைப்பட்டிருக்கும் என்பது மறுநாள் வீட்டுப்பாடம்.

விழுப்புரம் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சித்திரை மாசத்தில் இவரைப் பார்த்தால், வெயில் எப்படி சார் என்று பேச்சுக்குக்கூடக் கேட்டுவிடாதீர்கள். 313 என்பார்.